பிடுங்கி நட்ட முளைகள்

தஞ்சோங் செலாசி, பிந்தான் தீவு
ஷஅபான் பிறை 18, திங்கள், லுஹர் தொழுதபின்

அன்பு மகள் ஜுவைரியாவுக்கு உன் மாக் சல்மியா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். படைத்தவன் கிருபையில் இங்கே நானும் உன் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், சோறு இறங்குகிறது, தூக்கம் வருகிறது, அங்கே அந்தக் குளிரில் உனக்கும் இந்த இரண்டும் ஒழுங்காக நடக்கிறதா என்பதுதான் ஐந்து வேளையும் கை ஏந்தும்போது முதலில் வாயில் வருகிறது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் உன் குரல் கேட்டதும் எனக்கு வாய் இனித்துவிடுகிறது, எல்லாம் நல்லபடி என்று சொல்லி வைத்துவிடுகிறேன், வைத்தபிறகுதான் சொல்ல வந்தது ஞாபகம் வருகிறது. காகிதத்தில் எழுதினால் எழுதினது எழுதினபடி நிற்கும். நம் பக்கத்து வீட்டு ரொகாயாவின் மருமகன் கப்பல் வேலையில் சேர விமானத்தில் ரொட்டர்டாம் போகிறான், அங்கிருந்து நீ இருக்கும் க்ரோனிங்கனுக்கு ரயில் உண்டாம், நேரில் வந்து தருகிறேன் என்று தலையில் அடிக்காத குறையாகச் சத்தியம் பண்ணியிருக்கிறான். பொட்டலத்தில் கொங்கொங் சங்குச் சதை போட்ட அப்பளம் இரண்டு பாக்கெட், இடித்த சம்பால் ஒரு பாட்டில், கம்பளிக் காலுறை மூன்று ஜோடி, அப்புறம் நீலக் கயிறு கட்டிய என் நோட்டு. அந்த நோட்டைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அப்பளத்தைப் பொரித்துக்கொண்டு உட்கார்ந்து படி, நின்றுகொண்டு படிக்காதே.

முதலில் வீட்டுச் சேதி. அப்பாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான், ஆனாலும் கடலுக்குள் தூண் நட்டு வைத்திருக்கும் நம் கேலோங்குக்குப் போய் வலை தூக்குவதை விடவில்லை. இந்த வருஷம் வடக்குக் காற்று விடாமல் மழை கொட்டியது, பள்ளிவாசலுக்குப் புதுத் தகரம் போட்டதால் தொழும்போது இமாம் ஓதுவது காதில் விழவில்லை, மழைதான் ஓதியது. சீனப் புத்தாண்டுக்கு முன் முட்டையோடு வரும் ஓரா மீனுக்காகப் பட்டணத்திலிருந்து மீன் முதலாளி தவ்கே லிம் வழக்கம்போல ஐஸ் பெட்டிகளோடு வந்தார், மூன்று பெட்டி கொண்டுவந்து ஒன்றை நிரப்பிக்கொண்டு போனார். போகும்போது அப்பாவிடம், என்ன மஹ்முத், மீனெல்லாம் சொல்லாம கொள்ளாம மக்காவுக்கு உம்ரா பண்ணக் கிளம்பிருச்சா என்று கேட்டார். போறதா இருந்தா எங்கிட்ட சலாம் சொல்லிட்டுத்தான் தவ்கே போயிருக்கும் என்று அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார், வீட்டுக்கு வந்தபின் சிரிக்கவில்லை. நீ படகேறிப் போய் இன்றோடு ஆயிரத்து நூற்று இருபத்தேழு நாள். எப்படித் தெரியும் என்று கேட்காதே, என்னைத் தெரியாதா உனக்கு. கடல் உள்வாங்கி வற்றத்துக்கு இறங்கும் நாளில் இப்போதும் கை தானாக இரண்டு ஜோடி ரப்பர் செருப்பை எடுத்து வாசலில் வைக்கிறது, பிறகு ஒன்றை எடுத்து உள்ளே வைக்கிறேன், வைக்கும்போது அப்பா பார்த்துவிட்டால் உள்ளங்காலில் முள் என்று ஏதாவது சொல்லிக் குனிந்துகொள்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன், இதற்கு மேல் தள்ளிப்போட்டால் எழுத மாட்டேன். நீ கிளம்புவதற்கு நாலு நாள் முன்னால் பெரிய வற்றத்தில் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் ஓடை வாய்க்கு எதிரே கடல்புல் வெளியில் முளை அடித்தாயே, அதிலிருந்து தொடங்குகிறேன். மூன்று கோடு, ஒவ்வொன்றும் ஐம்பது மீட்டர், கோட்டின் தலையில் ஓர் இரும்பு முளை, காலில் ஒன்று, ஆக ஆறு. ஐந்து மீட்டருக்கு ஒரு தடவை அந்தச் சதுரக் குழாய்ச் சட்டத்தைப் புல்மேல் வைத்து, சட்டத்துக்குள் நூற்றில் எத்தனை பங்கு புல், எத்தனை பங்கு வெறும் மணல், நீள இலையா வட்ட இலையா, இலை எத்தனை விரல் உயரம் என்று பார்த்து எழுத வேண்டும். கோட்டுக்குப் பதினொரு சட்டம், மூன்றுக்கும் முப்பத்து மூன்று. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, அதே முளை, அதே கோடு. நான் பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவள், உன் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை நீ தூங்கினபின் எடுத்து எழுத்துக் கூட்டியவள், இதெல்லாம் எனக்கு வருமா என்று பயந்தேன். நீதான் சொன்னாய், மாக், கோழி எத்தனை முட்டை போட்டுச்சுன்னு பதினஞ்சு வருஷமா எழுதி வெச்சிருக்கிற உன்னைவிட இதுக்கு ஆளே கிடையாது என்று. அந்த ஒரு வார்த்தைக்காகக் கழுத்தளவு தண்ணீரிலும் நின்றிருப்பேன்.

முதல் தடவை ரொகாயா கூட வந்து சட்டத்தைத் தூக்கிக்கொண்டு பண்ணின கேலியை உனக்குப் போனில் சொன்னேன். ஏன்க்கா, வீட்டுல அரிசியில கல்லு பொறுக்குறது போதாதா, கடல்ல வந்து புல்லு எண்ணணுமா, சம்பளம் உண்டா என்றாள். என் பொண்ணு போன்ல சிரிப்பா, அதான் சம்பளம் என்றேன். அப்ப எனக்கும் சேர்த்து ரெண்டு சிரிப்பு சிரிக்கச் சொல்லுங்க, சட்டம் தூக்குறது யாரு என்றாள். நீயும் சிரித்தாய். முதல் தடவை புல் நூற்றுக்கு அறுபத்திரண்டு, இரண்டாவது அறுபத்து நாலு, மூன்றாவது அறுபத்தொன்று. ஒவ்வொரு தடவையும் நான் எண்ணைச் சொல்ல, நீ அங்கே பென்சில் உருட்டும் சத்தம் கேட்கும், அப்புறம் சூப்பர் மாக் என்பாய். அந்தச் சத்தத்துக்காகவே மூன்று மாதம் போவது எனக்கு மெதுவாக இருக்கும்.

அப்புறம் மேட்டில் கம்பெனிக்காரர்கள் மண் வெட்டத் தொடங்கினார்கள். சிவப்பு மண்ணை லாரி லாரியாக அள்ளினார்கள், மழையில் மேடு கரைந்து ஓடை வழியாகக் கடலுக்கு வந்தது, நாலாவது தடவை நாற்பத்தொன்று. அதையும் உள்ளபடியே சொன்னேன். நீ அன்று அழுதது இன்றும் என் காதில் இருக்கிறது. படிப்பும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம் மாக், நான் வந்துடறேன், அங்க புல்லு சாகுது, நான் இங்க ஜன்னல் வழியா மழையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன் என்றாய். அப்பா போனைப் பிடுங்கி, வந்து என்ன பண்ணப் போறே, அந்தச் சேத்தையெல்லாம் நீயே குடிக்கப் போறியா, இருந்து முடிச்சுட்டு வா என்றார். நானும் வராதே என்றேன். சொல்லிவிட்டுக் கொல்லைப்புறம் போய்ப் பானை கழுவினேன், கழுவின பானையையே மறுபடி கழுவினேன்.

ஐந்தாவது தடவை வற்றம் விடியலில் வந்தது. சுபுஹு தொழுதுவிட்டு இறங்கினேன். ரொகாயா தூரத்தில் சங்கு பொறுக்கிக்கொண்டிருந்தாள். முதல் கோட்டில் முதல் சட்டத்தை வைத்தேன், இலைமேல் இரண்டு விரல் கனத்துக்குச் சிவப்புச் சேறு, துடைத்துப் பார்த்தால் இலை பழுத்துக் கையோடு வருகிறது. பதினெட்டு என்று எழுதினேன். அடுத்தது பன்னிரண்டு. அடுத்தது ஒன்பது. அந்த இடத்தில் என் நெஞ்சுக்குள் ஒன்று துள்ளியது மகளே. வருத்தம் என்றால் எழுதக் கூச்சப்பட மாட்டேன். சந்தோஷம். இதைச் சொன்னால் இவள் வந்துவிடுவாள், அடுத்த வாரமே படகுத்துறையில் நிற்பாள் என்று துள்ளியது. ஊர்ச் சோறு கண்முன் செத்துக் கிடக்கிறது, உன் அப்பா கேலோங்குக்கு வரும் மீன் வளர்ந்த இடம் அழுகிக் கிடக்கிறது, அதன் நடுவில் நின்று நான் உள்ளுக்குள் சிரிக்கிறேன். என் கையே எனக்குப் பயமாக இருந்தது. இன்று பன்னிரண்டு இருக்கும் இடத்தில் பன்னிரண்டு எழுதுகிறேன், நாளைக்கு உன்னை வரவழைக்க இருபது இருக்கும் இடத்தில் பத்து எழுத மாட்டேன் என்று என்ன நிச்சயம். நீ வந்துவிட்டால் என் ஆசையால்தான் உன் படிப்புக் கெட்டது என்று ஆகும். அப்படி ஒன்று நடக்கவே கூடாது என்று, எழுதிய மூன்று எண்ணையும் அடித்துவிட்டு, ஆறு முளையையும் பிடுங்கிக்கொண்டு, கூனல் பாறையைத் தாண்டி ஓடைச் சேறு எட்டாத பக்கம் போய் நட்டேன். அங்கே முப்பத்து மூன்று சட்டம் வைத்தேன். ஐம்பத்தெட்டு வந்தது. போனில் சொன்னேன். நீ நிம்மதியாக மூச்சு விட்டாய், மாக், தேறிக்கிச்சு பாத்தியா என்றாய்.

அன்றிலிருந்து எட்டுத் தடவை அங்கேதான் எண்ணினேன். நோட்டில் ஓர் எண்கூடப் பொய் கிடையாது, கண் பார்த்ததைத்தான் எழுதினேன், நீ படம் கேட்டபோதும் அங்கிருந்த பச்சைப் புல்லைத்தான் எடுத்து அனுப்பினேன், அதை வைத்தே என் மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். போன வருஷம் உஸ்தாது பயானில், அடுத்தவன் நிலத்து எல்லைக்கல்லை நகர்த்துகிறவனைப் பற்றிச் சொன்னார். பெண்கள் பக்கத்தில் எல்லோரும் யாரோ ஒரு பங்காளிச் சண்டையை நினைத்துத் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் காது எரிந்தது. அதைவிட எரிந்தது எப்போது தெரியுமா, நீ ஒருநாள் போனில், மாக், ஐந்தாவது தடவையிலிருந்து நீள இலை குறைஞ்சு வட்ட இலை கூடியிருக்கு, ஏன்னு மூணு வாரமா மண்டையை உடைச்சுக்கிட்டிருக்கேன், சேறு வந்தா புல்லு இப்படித் தன்னை மாத்திக்குது போல, இதையே ஒரு அத்தியாயமா எழுதப் போறேன் என்று உற்சாகமாகச் சொன்னாயே, அப்போதுதான். புல் ஒன்றும் மாறவில்லை. நான் இடம் மாற்றினேன். அதற்கு நீ காரணம் தேடிக் கண்விழித்தாய். அன்று சொல்லியிருக்க வேண்டும். ஏதாவது சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

ரொகாயாவுக்கு ஆறாவது தடவையே தெரிந்துபோயிற்று. சட்டத்தோடு கூனல் பாறைவரை நடந்து வந்தவள் நின்று பார்த்து, ஏன்க்கா, முளைக்குக் கால் கீல் முளைச்சுருச்சா, இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கு என்றாள். அங்க சேறு, சட்டம் புதையுது என்றேன். ம் என்றாள், சட்டத்தை வைத்தாள். அதற்கப்புறம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் கடல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. வீட்டுக்கு எதிரே ஒரு வற்றத்தில் கூடை நிறையும் சங்கு, கால் கூடைக்கு வந்தது, அதுவும் பொத்தான் பொத்தானாகச் சின்னது. நண்டு இல்லை, கடலட்டை இல்லை, கடல்பசு மேய்ந்துபோன தடம் வரி வரியாகக் கிடக்குமே, அதைப் பார்த்து இரண்டு வருஷம். அடுப்புக்கு ஒன்றும் இல்லாத நாளிலும் இந்த ஊரில் பிள்ளைகள் வெறும் சோறு தின்றதில்லை, ஒரு மணி நேரம் புல்லில் குனிந்தால் குழம்புக்கு ஆகிவிடும், இப்போது ரொகாயா பேரப்பிள்ளைகளுக்கு முட்டையை நாலாக வெட்டுகிறாள், வெட்டும்போது கத்தியை அளவு பார்த்து வைக்கிறாள், எனக்கு அந்த வீட்டு வாசலைத் தாண்டும்போது நடை கூடிவிடுகிறது.

போன வியாழக்கிழமை, பிறை பதினாலு, ஊர் மண்டபத்தில் கூட்டம். மண் வெட்டுகிறவர்கள் இன்னும் மூன்று வருஷத்துக்கு அனுமதி கேட்டிருக்கிறார்கள், இந்தத் தடவை ஓடைக்கரைவரை. மாவட்ட அலுவலகத்திலிருந்து ஹெர்லினா என்று ஒரு பெண் அதிகாரி கேட்டு எழுதிக்கொண்டுபோக வந்திருந்தாள், உன் வயதுதான் இருக்கும். கம்பெனி மேலாளர் துணித்திரையில் ஒரு படம் போட்டார். கோடு நேராகப் போய் ஒரு இடத்தில் இறங்கி மறுபடி மேலே போய் நேராக நிற்கிறது, நீ மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பியிருந்த கணக்காம், கீழே உன் பெயர், ஜுவைரியா பிந்த்தி மஹ்முத், பெரிய எழுத்தில். உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்குப் பெருமைதான் வந்தது, உன் பெயரைச் சுவர் அளவுக்குப் பார்த்து முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். ஊர்த்தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார். மேலாளர் சொன்னார், இது எங்க கணக்கு இல்லை, உங்க ஊர்ப் பொண்ணோட கணக்கு, உங்க ஊர் அம்மா இறங்கி எண்ணினது, புல்லு முதல்ல கொஞ்சம் வாடுச்சு, அப்புறம் தேறிக்கிச்சு, ரெண்டு வருஷமா ஆரோக்கியமா இருக்கு, எங்க வேலையால பாதிப்பு இல்லைங்கறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும் என்று. 

ரொகாயா எழுந்தாள். புல்லு நல்லா இருக்குன்னா சங்கு எங்க சார் போச்சு, என் மடியிலயா கட்டி வெச்சிருக்கேன் என்றாள். மேலாளர் கோபப்படவே இல்லை, பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது போலச் சொன்னார், அம்மா, புல்லு இருக்கு, சங்கு இல்லை, அப்படின்னா யாரோ அளவுக்கு மீறி அள்ளுறாங்கன்னு அர்த்தம், பெண்கள் ஒரு வருஷம் வற்றத்துக்கு இறங்காம இருந்தா தானா பெருகிடும், நாங்களே ஊர்க் கட்டுப்பாடா போடச் சொல்லி எழுதித் தர்றோம் என்று. பின்னாலிருந்து ஒருத்தன், நாங்க சொல்லிக் கேக்காததுங்க, இனிமே கம்பெனி சொன்னாக் கேக்கும் என்றான், ஆண்கள் பக்கம் சிரித்தது. ரொகாயா திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் வாயைத் திறந்தால் போதும். முப்பது வருஷமாக இந்தக் கடலில் என்னோடு குனிந்தவளை, பேரப்பிள்ளைக்கு முட்டையை நாலாக வெட்டுகிறவளை, பேராசைக்காரி என்று ஊர்நடுவே சொல்லியாயிற்று, அதற்குக் காரணம் என் முளை என்று அவளுக்குத் தெரியும். அவள் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிட்டாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அவள் உட்கார்ந்த இடத்தில் நான் எழுந்தேன். முளையைப் பிடுங்கி நட்டது நான், சங்கைத் தின்னது சேறு, ரொகாயா இல்லை என்று சொன்னேன். எந்த முளை, எப்போது, எங்கே என்று எல்லாம் சொன்னேன், கணக்குச் சொல்லும்போது எனக்கு நாக்குக் குழறாது. ஹெர்லினா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஏன்மா அப்படிப் பண்ணீங்க என்றாள். என் பொண்ணு வந்துரக் கூடாதுன்னு என்றேன். மண்டபம் சிரித்தது. அப்புறம் சிரிப்பு நின்றுபோயிற்று, அவரவர் வீட்டிலும் பத்தாம் தீவிலோ கப்பலிலோ ஒரு பிள்ளை இருக்கிறது. மேலாளர் மட்டும், அப்ப இந்த அம்மா எழுதினதுல எதையுமே நம்ப முடியாதே என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். ஹெர்லினாதான், முதல் இடம் எதுன்னு இப்ப காட்ட முடியுமா என்றாள். நோட்டின் முதல் பக்கத்தில் நீ எழுதி வைத்திருக்கிறாய், பள்ளிவாசல் கும்மட்டமும் ஒற்றைச் சவுக்கு மரமும் ஒரு நேரில், கேலோங்கின் மூலைத் தூணும் கூனல் பாறையும் ஒரு நேரில், இரண்டும் வெட்டும் இடம் முதல் முளை என்று. காட்ட முடியும் என்றேன்.

அன்று மஃரிபுக்குப் பின் பராஅத் இரவுக்காகப் பள்ளிவாசலில் மூன்று யாசீன் ஓதினோம். என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள் என்று கடைசி வரிசையில் ஓரமாகப் போனேன். ரொகாயா வந்து முழங்கால் இடிக்க உட்கார்ந்தாள். மூணாவது யாசீன்ல தூங்கி விழுந்துறாதீங்கக்கா, நாளான்னிக்கு சட்டம் தூக்குறவளுக்கும் உடம்பு வேணும் என்றாள். எனக்கு ஓத முடியவில்லை, அவள் சத்தத்தோடு உதட்டை மட்டும் அசைத்தேன். வீட்டில் அப்பா வெறும் தேநீர் போட்டுத் தந்தார். நான்தான், பொண்ணு என்னை என்ன சொல்லுவா என்று கேட்டேன். அவ திட்டவெல்லாம் மாட்டா, சட்டத்தை உன் தலைமேல வெச்சு நூத்துக்கு எத்தனை பங்கு மூளைன்னு எழுதிக்கிட்டுப் போயிருவா என்றார். அன்றைக்கு அப்போதுதான் நான் சிரித்தேன்.

சனிக்கிழமை அஸருக்குப் பின் நீர் இறங்கியது. பாதி ஊர் வந்தது. மேலாளரும் நல்ல காலணியோடு வந்து முழங்கால்வரை புதைந்து நின்றார், ரொகாயா கை கொடுத்து இழுத்துவிட்டு, புல்லு இருந்த காலத்துல இங்க சின்னப் பிள்ளை ஓடும் சார், வேர் தாங்கும், இப்ப வெறும் கஞ்சி என்றாள். கும்மட்டத்தையும் சவுக்கையும் நேர் பார்த்து முதல் முளையை நான் அடித்தேன், மற்றதை அப்பா அடித்தார். ஒவ்வொரு சட்டத்துக்கும் ஹெர்லினா தனியாக, நான் தனியாக, எவ்வளவு புல்லுக்கு எந்த எண் என்று நீ தந்த படச்சீட்டைப் பார்த்து எண் சொன்னோம், இரண்டு பேர் எண்ணுக்கும் ஐந்துக்கு மேல் வித்தியாசம் வரவில்லை. முதல் கோடு மூன்று. இரண்டாவது ஒன்பது. மூன்றாவது இருபத்தொன்று. மொத்தத்தில் நூற்றுக்குப் பதினொன்று. அறுபத்திரண்டில் தொடங்கியது மகளே. ஹெர்லினா சேற்றுக்குள் கைவிட்டு ஒரு வேரைத் தோண்டி எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தாள், உள்ளே வெள்ளையாக இருந்தது. இன்னும் உயிர் இருக்கும்மா, சேறு நின்னா திரும்பிரும், இன்னொரு வடக்குக் காத்து இப்படியே போச்சுன்னா ஒண்ணும் மிஞ்சாது என்றாள். நீ இருக்கும் ஊர்க் கடலில் ஒரு காலத்தில் புல்லெல்லாம் செத்துப்போய், இப்போது விதையைக் கையால் போட்டுப் போட்டு வளர்க்கப் பார்க்கிறார்கள் என்று சொன்னாயே, அது எனக்கு அங்கே நின்றபோது ஞாபகம் வந்தது.

இப்போது உன் கையில்தான் இருக்கிறது. ஒரு நாள் எண்ணினதை மட்டும் வைத்து அனுமதியை நிறுத்த முடியாதாம், கோப்பில் உன் பெயரோடு எட்டுத் தடவையின் நல்ல எண் இருக்கிறதாம். இந்தப் பதிவுக்கு உரியவள் நீ. ஐந்து முதல் பன்னிரண்டுவரை எண்ணியது என் கோட்டில் இல்லை, ஓடை வாயில் எண்ணியது முதல் நாலும் இந்தப் பதின்மூன்றாவதும்தான் என்று நீ கையெழுத்துப் போட்டு எழுதித் தர வேண்டும். நோன்பு பிறப்பதற்குள் வந்தால் ஹெர்லினா சேர்த்துக்கொள்வாள், அதற்கு மேல் காத்திருக்க அவளுக்கு அதிகாரம் இல்லை. அப்படி எழுதினால் உன் அத்தியாயம் போய்விடும் என்று எனக்குத் தெரியும். உன் பேராசிரியர் முன்னால் நிற்க வேண்டி வரும், படிப்பு இன்னும் ஒரு வருஷம் இழுக்கலாம். நான் என்ன பண்ணக்கூடாது என்று முளையைப் பிடுங்கினேனோ, அதையே பண்ணிவிட்டேன். இதற்கு மன்னிப்புக் கேட்க எனக்குச் சொல் தெரியவில்லை, இரண்டு ரக்அத் தொழுது அல்லாஹ்விடம் கேட்டாயிற்று, உன்னிடம் இப்போது கேட்கிறேன். எழுதும்போது ஏதோ தவறு நேர்ந்தது என்று பூசி மெழுகாதே. என் தாய் சல்மியா தெரிந்தே நகர்த்தினாள் என்று பெயர் போட்டு எழுது. ரொகாயா என்னைக் காப்பாற்றப் பார்த்தது போதும், நீயும் பார்க்காதே. நோட்டில் எட்டுத் தடவைக்கும் பக்க ஓரத்தில் சிவப்பு மையால் இடத்தை எழுதியிருக்கிறேன். கூனல் பாறைப் பக்கம் புல் பிழைத்திருக்கிறது என்பதும் கண்ணால் பார்த்த உண்மைதானே, சேறு எட்டின இடத்தையும் எட்டாத இடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உனக்கு ஏதாவது தேறுமா என்று ஹெர்லினா கேட்கச் சொன்னாள், எனக்கு அது புரியவில்லை, உனக்குப் புரியும்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அது நோட்டில் இல்லை. இந்த மூன்று வருஷமும் நீ வரட்டுமா என்று கேட்ட போதெல்லாம் வராதே என்றேன், நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்றேன், கோழிக் கதை சொன்னேன். எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும். காலையில் அடுப்பு மூட்டும்போது பார்க்க வேண்டும், ஈரத் தலையோடு நீ படியில் உட்கார்ந்து மாங்காய் தின்னும்போது பார்க்க வேண்டும், நீ என்னை அதட்டும்போது உன் மூக்கு சிவப்பதைப் பார்க்க வேண்டும். இதைப் புல்லோடு சேர்த்துப் படிக்காதே. அங்கே நூற்றுக்கு நூறு இருந்தாலும் எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும், ஒன்றுமே இல்லாமல் போனாலும் பார்க்க வேண்டும். முதலில் அந்த எழுத்தை எழுதி அனுப்பு, படிப்புக்கு என்ன செய்ய வேண்டுமோ பேராசிரியரைக் கேட்டுச் செய், எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும். ஆனால் இனிமேல் வரட்டுமா மாக் என்று நீ கேட்டால், நான் உண்மையைச் சொல்லிவிடுவேன், அதற்குத் தயாராக இருந்துகொண்டு கேள்.

அல்லாஹ் உன் அறிவையும் உடம்பையும் பத்திரமாக வைத்திருக்கட்டும், நல்லவர்களை உன் பக்கத்தில் உட்கார வைக்கட்டும், உன் பேனாவுக்கு நேர்மையும் என் கைக்கு மன்னிப்பும் தரட்டும். காலுறையை மடித்து வைக்காமல் போட்டுக்கொள். அந்த எழுத்து நோன்புக்கு முன் வர வேண்டும், தபாலை நம்பாதே, போனில் படம் எடுத்து ஹெர்லினாவுக்கு முதலில் அனுப்பு, அவள் போன் எண்ணை நோட்டின் கடைசி அட்டையில் ஒட்டியிருக்கிறேன்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்,
உன் மாக்
சல்மியா